உடைந்த எஞ்சின்கள் தந்த பாடம்: கலிஃபோர்னிய வேகப் பட்டறைகளின் வரலாறு

ஆலையிலிருந்து வந்த காரின் எஞ்சினையும் உடலையும் வேகத்துக்காக மாற்றியமைத்தால் அது ஹாட் ராட். அமெரிக்காவின் பல ஊர்களில் இந்த வழக்கம் இருந்தது. அது ஒரு தொழிலாக உருப்பெற்றது 1930களுக்கும் 1950களுக்கும் இடையே, தெற்குக் கலிஃபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியிருந்த வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கிப் பிரித்து, சக்தியைக் கூட்டி, பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய வரலாறு பெரும்பாலும் சாதனை வேகங்களின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. அந்தப் பட்டறைகளின் அன்றாட வேலையில் பெரும்பங்கு வேறு: உடைந்த எஞ்சினைப் பிரித்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதும், அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதும்தான். சக்தியைக் கூட்டும்போது எந்தப் பாகம் முதலில் தோற்றதோ, அதுவே அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தது. கேம் ஷாஃப்ட் அரைப்பவர், பிஸ்டன் வார்ப்பவர், எஞ்சின் மவுன்ட் செய்பவர் என ஒரு தொழில் வரிசையே இந்தத் தோல்விகளிலிருந்து பிறந்தது.

மாடல் டி காலம்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைத் தயாரித்தது. 1920களின் இறுதியில் அவற்றில் பழையவை மிக மலிவாகக் கிடைத்தன. 2.9 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் சக்தி 20 குதிரைத்திறன் மட்டுமே. வால்வுகளை மேலே கொண்ட ராஜோ, ஃபிரான்டெனாக் போன்ற மாற்று ஹெட்டுகளைப் பொருத்தினால் சக்தி வெகுவாகக் கூடியது. ஆனால் கீழ்ப்பகுதி அப்படியே இருந்தது. கிராங்க் ஷாஃப்ட் மெலிந்தது. அதைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றே. ஆயில் பம்ப் கிடையாது. சுழலும் ஃப்ளைவீல் வாரியடிக்கும் ஆயில்தான் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர வேண்டும்.

அக்கால பேரிங்குகள் கடையில் வாங்கி மாட்டுபவை அல்ல. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி, பேரிங் அமரும் குழியிலேயே ஊற்றி, ஆறியபின் கையால் சுரண்டிச் சரிசெய்வார்கள். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஆயில் படலம் அறுந்து, பாபிட் சூடேறி உருகிவிடும். அப்போது கனெக்டிங் ராடுக்கும் கிராங்குக்கும் இடையே இடைவெளி கூடி, ஒவ்வொரு சுற்றுக்கும் ராடு கிராங்கை அடிக்கும்.

எஞ்சின் நோயறியும் கலை இந்தச் சத்தத்திலிருந்தே தொடங்கியது. மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்கள். ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தும் பார்த்தார்கள்: எந்த சிலிண்டரின் எரிப்பை நிறுத்தினால் தட்டல் குறைகிறதோ, அந்த சிலிண்டரின் ராடு பேரிங்தான் போயிருக்கிறது. சுமை ஏறும்போது அடிவயிற்றிலிருந்து கனமாக எழும் சத்தம் மெயின் பேரிங்குடையது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடேறியதும் மறையும் சத்தம் பிஸ்டன் தளர்ந்திருப்பதைக் காட்டும். தேய்மானம் சிறிதாக இருந்தால் பேரிங் மூடியின் கீழிருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்து இறுக்குவார்கள். பெரிதாக இருந்தால் பாபிட்டை மறுபடி ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரி இருக்கிறது. கல்லும் மேடும் இல்லாத அந்தக் களிமண் தரையில் மைல் கணக்கில் காலை எடுக்காமல் ஓட்டலாம். ஊர்ச் சாலையில் சில விநாடிகளுக்கு மேல் முழு வேகம் காணாத எஞ்சின்கள் அங்கே நிமிடக் கணக்கில் சோதிக்கப்பட்டன. பல கார்கள் வேறொரு காரின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டே வீடு திரும்பின. 1937 நவம்பரில் பல கார் கிளப்புகள் ஒன்றுகூடித் தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு முதல் ஒழுங்கான போட்டிகள் நடந்தன. பின்னர் மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது. போட்டிகள் எல் மிராஜ் போன்ற வேறு ஏரிகளுக்கு நகர்ந்தன.

1932இன் வி8

1932 மார்ச்சில் ஃபோர்டு வெளியிட்ட வி8 எஞ்சின் இந்தப் பட்டறைகளின் முழு வேலையையும் மாற்றியது. அதுவரை எட்டு சிலிண்டர் எஞ்சின் பணக்காரர்களின் காருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இரண்டு சிலிண்டர் வரிசைகளையும் கிராங்க் அறையையும் ஒரே வார்ப்பில் கொண்டுவந்து, ஃபோர்டு அதைச் சாதாரண மக்களின் காருக்குள் வைத்தது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர் கொள்ளளவில் 65 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் 1953 வரை அமெரிக்க ஃபோர்டு கார்களில் தொடர்ந்தது. 1939இல் மெர்க்குரி காருக்காக 239 கன அங்குலத்தில் 95 குதிரைத்திறன் தரும் வடிவமும், 1949இல் 255 கன அங்குலத்தில் 110 குதிரைத்திறன் தரும் வடிவமும் வந்தன.

அதன் பலவீனங்களும் அந்த ஒரே வார்ப்பிலேயே இருந்தன. வால்வுகள் ஹெட்டில் இல்லை; பிளாக்கில் இருந்தன. எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து பிளாக்குக்கு உள்ளேயே வளைந்து, குளிர்விக்கும் நீருக்கு நடுவே பாய்ந்து வெளியேறியது. அதன் வெப்பம் அத்தனையும் நீரில் இறங்கியதால் எஞ்சின் எளிதில் கொதித்தது. நடுவில் இருந்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே வெளியேற்று வழியைப் பகிர்ந்துகொண்டதால் அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடானது. வால்வு அமரும் இடத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விரிசல் விடுவது இந்த எஞ்சினின் தீராத குறை. தொடக்கத்தில் வாட்டர் பம்புகள் ஹெட்டுகளின் முன்பக்கத்தில் அமர்ந்து, சூடான நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. 1937இல் ஃபோர்டு அவற்றை பிளாக்குக்கு மாற்றியது.

அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள், கொதித்துக் கெட்ட பிளாக்கைப் பிரித்ததும் முதலில் நீர் ஓடும் அறைகளைத் துழாவினார்கள். வார்க்கும்போது அச்சுக்குப் பயன்பட்ட மணலும் கம்பித் துண்டுகளும் அங்கே கட்டியாக ஒட்டிக்கிடப்பது சகஜம். பிளாக்கைக் கொதிக்கும் காஸ்டிக் கரைசல் தொட்டியில் ஊறவைத்து, கம்பியால் குத்திக் குத்தி அந்த மணலை எடுத்தபின்பே மற்ற வேலை தொடங்கும். இதைச் செய்யாமல் புதிய பிஸ்டனும் பெரிய ரேடியேட்டரும் போட்டவர்களின் எஞ்சின் மீண்டும் அதே இடத்தில் வெடித்தது.

கொள்ளளவைக் கூட்டும் ஆசையும் பல பிளாக்குகளைக் காவுகொண்டது. சிலிண்டரை ரீபோர் செய்து அகலமாக்குவார்கள். 1949க்குப் பிந்தைய மெர்க்குரியின் 4 அங்குல வீச்சுள்ள கிராங்கைப் பழைய பிளாக்கில் மாட்டுவார்கள். வார்ப்பின்போது அச்சு சற்று நகர்ந்திருந்தால் சிலிண்டர் சுவரின் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். அளவு மீறி அகலமாக்கினால் அந்தப் பக்கம் பிளந்து நீர் உள்ளே புகும். ஆகவே ரீபோர் செய்யும் முன் பிளாக்கைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனித்திறமையானது.

போருக்குப் பின் வந்த கருவிகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டக்ளஸ், லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் ஆகிய விமான ஆலைகள் தெற்குக் கலிஃபோர்னியாவில் பெரும் எண்ணிக்கையில் ஆட்களை வேலைக்கு எடுத்தன. லேத், மில்லிங், வெல்டிங் வேலைகளில் தேர்ந்த ஒரு தலைமுறை அங்கே உருவானது. படையிலிருந்து திரும்பியவர்கள் விமான எஞ்சின்களைப் பழுதுபார்த்த அனுபவத்தோடு வந்தார்கள். விரிசல் கண்டுபிடிக்கும் மேக்னஃப்ளக்ஸ் முறையும் இவர்கள் வழியாகப் பட்டறைக்குள் நுழைந்தது. இரும்புப் பாகத்தைக் காந்தமாக்கி, மேலே நுண்ணிய இரும்புத் தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் மேல் தூள் கோடாகத் திரளும். கிராங்க், ராடு, பிளாக் எல்லாமே இந்தச் சோதனைக்குப் பின்தான் எஞ்சினுக்குள் போக வேண்டும் என்ற விதி மெல்ல நிலைபெற்றது.

லாஸ் ஏஞ்சலஸ் பட்டறைக்காரர் விக் எடல்பிராக் 1938இல் தன் முதல் இன்டேக் மேனிஃபோல்டை வடிவமைத்தார். போருக்குப் பிறகு 1946இல் தன் முதல் பொருட்பட்டியலை வெளியிட்டார். 1940களின் இறுதியில் அவர் பட்டறையில் டைனமோமீட்டர் இருந்தது. எஞ்சினைக் காரில் ஏற்றாமலே சுமை கொடுத்து ஓட்டி, சக்தியை அளக்க அது உதவியது. பாலைவனத்துக்கு எடுத்துப்போய் உடைத்துக் கற்க வேண்டியதைப் பட்டறைக்குள்ளேயே, உடையும் முன்பே கற்க முடிந்தது. எட் இஸ்கெண்டேரியன் கேம் ஷாஃப்ட் அரைக்கும் தொழிலைத் தொடங்கினார். ஸ்டூ ஹில்போர்ன் தன் எரிபொருள் செலுத்தும் அமைப்பைக் கொண்டு 1948இல் வறண்ட ஏரியில் மணிக்கு 150 மைல், அதாவது 240 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். அதே ஆண்டு ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லின்ட்சேயும் தொடங்கிய ஹாட் ராட் இதழ், ஒரு கொட்டகையில் கற்றதை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது.

நைட்ரோமீத்தேன் எரிபொருளும் இக்காலத்தில் வந்தது. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். அளவு தவறினால் பிஸ்டன் உருகும், எரியாமல் தேங்கிய திரவத்தை அழுத்த முடியாமல் ராடு வளையும், ஹெட்டே பிய்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது இதனால் கட்டாயமானது. பிளக் முனையின் வெண்மை எரிபொருள் போதாமையையும், கருமை மிகுதியையும் காட்டும். பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது எஞ்சினை நிறுத்தினால் ஒரு பிஸ்டனோடு போகும்; நிறுத்தாவிட்டால் எஞ்சின் முழுவதும் போகும்.

எஞ்சின் மாற்றும் வழக்கம்

1949இல் கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் வால்வுகளை ஹெட்டில் கொண்ட புதிய வி8 எஞ்சின்களை வெளியிட்டன. கேடிலாக் 331 கன அங்குலத்தில் 160 குதிரைத்திறனும், ஓல்ட்ஸ்மொபைல் 303 கன அங்குலத்தில் 135 குதிரைத்திறனும் தந்தன. 1951இல் கிரைஸ்லரின் அரைக்கோள எரியறை கொண்ட எஞ்சின் 180 குதிரைத்திறனோடு வந்தது. மாதக்கணக்கில் உழைத்துப் பழைய ஃபோர்டு எஞ்சினிலிருந்து பிழிந்தெடுத்த சக்தியை, விபத்தில் நொறுங்கிய ஒரு கேடிலாக்கின் எஞ்சின் கைவைக்காமலே கொடுத்தது. காயலான் கடைகளில் அப்படிப்பட்ட கார்கள் வந்து விழத் தொடங்கியதும், ஃபோர்டு எஞ்சின் வெடித்தால் அதையே திரும்பக் கட்டாமல் வேறு நிறுவனத்தின் எஞ்சினை ஏற்றுவது வழக்கமாயிற்று.

அந்த வேலை சொல்வதுபோல எளிதல்ல. சேசிஸில் எஞ்சின் அமரும் மவுன்டுகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போல்ட் துளைகள் பொருந்தாததால் இடையே ஒரு அடாப்டர் தகடு வேண்டும். ஸ்டீயரிங் கம்பி வெளியேற்றுக் குழாயில் இடிக்கும். ஆயில் தொட்டி முன் அச்சில் மோதும். பழைய பின் அச்சு புதிய எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்காமல் உடையும். இந்த இடைஞ்சல்களைத் தீர்ப்பதே பலருக்குப் பிழைப்பானது. பிற்காலத்தில் கியர் மாற்றும் லீவர்களுக்குப் பெயர்போன ஜார்ஜ் ஹர்ஸ்ட், இப்படி எஞ்சின் மாற்றுபவர்களுக்கு மவுன்ட் செய்து விற்றே தொழிலைத் தொடங்கினார்.

1955இல் செவ்ரோலெட்டின் சிறிய வி8 வந்தது. எட் கோல் தலைமையில் உருவான அந்த 265 கன அங்குல எஞ்சின், அதே நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைந்தது. தொடக்க சக்தி 162 குதிரைத்திறன். 1957இல் 283 கன அங்குலமாக வளர்ந்து, எரிபொருள் செலுத்தும் அமைப்போடு 283 குதிரைத்திறன் தந்தது. செவ்ரோலெட்டில் பணியாற்றிய பொறியாளர் சோரா டன்டோவ் 1953 டிசம்பரிலேயே மேலாளர்களுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஹாட் ராட் இளைஞர்கள் ஃபோர்டிலேயே ஊறியவர்கள் என்றும், அவர்களுக்குத் தேவையான பாகங்களை நிறுவனமே தர வேண்டும் என்றும் அதில் வலியுறுத்தினார். அந்த யோசனை பலித்தது. சில ஆண்டுகளில் வெடித்த ஃபோர்டு எஞ்சினுக்கு மாற்று என்றாலே செவ்ரோலெட் என்றானது. 2011 நவம்பரில் அந்த நிறுவனம் பத்துக் கோடியாவது சிறிய வி8ஐத் தயாரித்தது. அந்த எஞ்சினும் குறையில்லாமல் பிறக்கவில்லை. முதல் ஆண்டு பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே வார்க்கப்படவில்லை. 1956இல்தான் அது சரிசெய்யப்பட்டது.

காரணத்தைத் தேடும் ஒழுங்கு

மாற்று எஞ்சின் மலிவாகக் கிடைத்ததில் ஒரு ஆபத்தும் இருந்தது. வெடித்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, காரணம் தேடாமல் அடுத்ததை ஏற்றும் அவசரம் பரவியது. அப்படி ஏற்றிய எஞ்சின்களும் சீக்கிரமே போயின. கெட்டது எஞ்சினாக இருந்தாலும் கெடுத்தது பெரும்பாலும் வெளியே இருந்தது: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பெட்ரோல் பம்ப், தவறாக வைத்த பற்றவைப்பு நேரம், வளைவில் பிரேக் போட்டால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கிவிடும் ஆழமில்லாத தொட்டி. பழைய எஞ்சின் உதிர்த்த உலோகத் துகள்கள் ஆயில் கூலரிலும் குழாய்களிலும் தங்கி, புதிய எஞ்சினின் பேரிங்குகளை முதல் நாளிலேயே கீறியதும் உண்டு. நல்ல பட்டறைகள் இதிலிருந்து ஒரு வரிசையை வகுத்துக்கொண்டன.

முதலில் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்ப்பார்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. அது கிராங்க், கேம், சிலிண்டர் அல்லது ரிங்கிலிருந்து வந்தது. ஒட்டாமல் மின்னுவது பேரிங்கும் பிஸ்டனும். ஆயில் மோரைப் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. அடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவு. அதன் பின் விமானப் பட்டறைகளில் வழக்கமாக இருந்த கசிவுச் சோதனை: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி, அது எங்கே தப்புகிறது என்று கேட்பது. சைலன்சரில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டரில் சீறினால் உள்ளிழு வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கோ பிஸ்டனோ. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல்.

எஞ்சினைப் பிரித்தபின் பாகங்களே சாட்சி சொல்லும். பிஸ்டன் தலை மணல் வீசியதுபோல அரிக்கப்பட்டு, ரிங்குகளுக்கு இடைப்பட்ட மேடு உடைந்திருந்தால், அது நாக்கிங்: பொறி பற்றியபின் மீதிக் கலவை ஒரேயடியாக வெடித்து அடித்திருக்கிறது. தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால், பொறிக்கு முன்பே ஏதோ ஒரு சூடான முனை கலவையைப் பற்றவைத்திருக்கிறது. பேரிங்கின் மேற்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் ஆயில் பட்டினி அல்லது அளவு மீறிய சுமை. பேரிங் தன் இடத்திலேயே சுழன்றிருந்தால், ராடின் கண் உருக்குலைந்திருக்கும். அந்த ராடு மறுபடி உதவாது. எல்லா பேரிங்குகளும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயிலில் குற்றம். ஒன்று மட்டும் போயிருந்தால் அந்த ஒரு பாதையில் அடைப்பு.

ஏற்றும் வேலைக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு இறக்கி, மவுன்டுகளை இறுக்கியதும் சாவியைத் திருப்பிவிட மாட்டார்கள். செவ்ரோலெட் வி8இல் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு நீண்ட தண்டை விட்டு, டிரில் இயந்திரத்தால் ஆயில் பம்பைச் சுழற்றுவார்கள். ஹெட்டின் ராக்கர்களில் ஆயில் ஊறி வழிந்தபின்தான் டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பப் போகும். புதிய கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றினால் கேமின் முகடுகளில் ஆயில் தெறிப்பது போதாமல், அவை முதல் நாளிலேயே தேய்ந்துவிடும்.

பந்தயத் தடங்களும் பாதுகாப்பும்

1950இல் சான்டா ஆனா விமான ஓடுதளத்தில் நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் முறையான டிராக் பந்தயங்கள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். கால் மைல் தூரமே ஓடினாலும், எஞ்சின்கள் முன்னெப்போதும் காணாத சுமையைச் சந்தித்தன. உடைந்த பாகங்கள் ஓட்டுநரையும் பார்வையாளரையும் தாக்கும் நிலை வந்தது. கிளட்ச் உடைந்தால் துண்டுகளைத் தடுக்கும் உருக்குக் கவசம் கட்டாயமானது. 1963இல் பாகத் தயாரிப்பாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இஸ்கெண்டேரியன் அதன் முதல் தலைவர். பந்தயப் பாகங்களுக்குத் தர அளவுகள் வகுக்கும் பணி அதன் வழியே வளர்ந்தது. 1970 மார்ச்சில் டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கார் புறப்பட்டவுடன் கியர்பாக்ஸ் வெடித்து, அவருடைய பாதத்தின் ஒரு பகுதி போனது. அதற்குப் பின் அவர் ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்த காரைக் கட்டி வென்றார். விரைவில் அந்த வகைப் பந்தயக் கார்கள் எல்லாம் அந்த அமைப்புக்கு மாறின.

மின்னணுக் காலம்

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் பொதுவான ஒரு மின்னணு நோயறி அமைப்பு கட்டாயமானது. பி0303 என்ற குறியீடு வந்தால் மூன்றாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள். நாக்கிங்கை உணரும் சென்சார் ஓட்டுநரின் காதுக்கு எட்டும் முன்பே பற்றவைப்பு நேரத்தைத் தள்ளிவைக்கிறது. எஞ்சின் வெடித்த அந்த விநாடிகளில் ஆயில் அழுத்தம், எரிபொருள் அழுத்தம், காற்று விகிதம் எப்படி இருந்தன என்பதைப் பதிவிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். பிளக் துளை வழியே நுண்கேமராவை விட்டு, ஹெட்டைக் கழற்றாமலே பிஸ்டனைக் காணலாம்.

1997இல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 எஞ்சின் மாற்று எஞ்சின் சந்தையை மீண்டும் புரட்டியது. அலுமினிய பிளாக், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். ஒவ்வொரு மெயின் பேரிங் மூடியையும் ஆறு போல்ட்டுகள் பிடிக்கும். அதன் இரும்பு பிளாக் உறவுகள் 1999 முதல் சரக்கு வண்டிகளில் லட்சக்கணக்கில் ஓடி, காயலான் கடைகளுக்கு வந்தன. கியர்பாக்ஸ் பொருத்தும் துளைகள் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டு அமைப்பையே பின்பற்றியதால், பழைய பாகங்களோடும் இணைந்தன. இன்று எஞ்சினோடு அதன் கணினியையும் வயர் இணைப்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. வெல்டிங் தெரிந்தவரோடு நிரல் தெரிந்தவரும் வேலைக்குத் தேவைப்படுகிறார்.

சக்தியை மென்பொருளால் கூட்டும் இக்காலத்திலும் எஞ்சின்கள் பழைய காரணங்களாலேயே வெடிக்கின்றன. டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர் பெட்ரோல் பம்பின் கொள்திறனைக் கூட்ட மறந்தால், கலவை வறண்டு பிஸ்டன் உருகுகிறது. ஒரு இன்ஜெக்டர் அடைத்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் போகிறது. குறியீடுகள் எந்த சிலிண்டர் என்று சொல்லும். ஏன் என்பதைப் பிரித்த பாகங்களும் பதிவுகளும் சேர்ந்தே சொல்ல வேண்டும். ஆகவே ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதில் தொடங்கி, கசிவைச் சோதித்து, பிரித்துப் படித்து, எரிபொருள், ஆயில், குளிர்விப்பு மூன்றையும் சுத்தம் செய்து சரிபார்த்தபின் புதிய எஞ்சினை ஏற்றும் அந்த ஒழுங்கு, பாபிட் ஊற்றிய பட்டறைகளிலிருந்து கணினி வைத்த பட்டறைகள்வரை மாறாமல் தொடர்கிறது.